குரங்குக் குட்டியும் நம் குழந்தைகளும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தேவராஜ மொஹல்லாவிலுள்ள நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் சத்திரங்களாக மாறிவிடுகின்றன. சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் உறவினர் வருகின்றனர். வந்தவரை அழைத்துக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டில் பூவும் பழமும் வாங்கிச் சாமுண்டி மலை ஏறுவதும், மறுநாள் விலங்குக் காட்சிச்சாலைக்குச் செல்வதும் எழுதாத சட்டம். இவ்விரண்டு இடங்களிலும் சிறு குழந்தைகளின் உள்ளத்தை முதலில் கவர்வது யானையன்று, புலியுமன்று, குரங்குக் குட்டியே. அது குறித்துப் பெற்றோர்க்குச் சில கூற விரும்புகிறேன்.

காட்சிச்சாலையைப் பற்றிக் கவலையில்லை. 1892-இல் சாமராஜேந்திர உடையார் நிறுவிய அவ்விடத்தில் விலங்குக்கும் குழந்தைக்கும் இடையே கம்பியோ அகழியோ இருக்கிறது. மலையில் அத்தகைய தடை எதுவுமில்லை.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் குரங்குக் குட்டியைக் கண்டால், "கோதி மரி! கோதி மரி!" என்று கன்னடத்திலேயே கூவுகின்றனர். அந்த 'மரி' நம் பழந்தமிழ் 'மறி'யின் உடன்பிறப்பு என்பதை எண்ணி நான் மகிழ்வதுண்டு. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, குரங்கின் குட்டிக்கு 'மகவு', 'பிள்ளை' என்ற பெயர்களையும் வழங்குகிறது. மனிதக் குழந்தைக்குரிய சொற்களையே அதற்கும் தந்தவர்கள் அதன் முகத்தை உற்று நோக்கியவர்களாகவே இருக்கவேண்டும். கரிய மயிரும், வெளிறிய முகமும், விரிந்த காதும், வியப்புத் ததும்பும் கண்ணுமாக அது தாயின் வயிற்றைப் பற்றித் தொங்கும் காட்சி, நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் தம்பியைக் கண்டாற்போலவே தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு எங்கள் அண்டை வீட்டாருடன் படி வழியே மலை ஏறினேன். 1659-இல் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அமைந்த பெரிய நந்தியின் அருகே சற்று இளைப்பாறினோம். கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு மந்தி அமர்ந்திருந்தது. அதன் குட்டி மெல்ல இறங்கி வந்து, அவ்வீட்டுச் சிறுமியின் முன் இரண்டு முழ தூரத்தில் நின்றது. குழந்தை பல் தெரியச் சிரித்து, கையிலிருந்த வாழைப்பழத்தை நீட்டினாள். குட்டி பழத்தைத் தொட்டது. இவள் அன்பு மிகுந்து அதன் கையைப் பற்றினாள். குட்டி வீரிட்டது. அவ்வளவே! தாய் பாய்ந்தது, அதன் பின்னே வேறு இரண்டு மந்திகள், மரத்திலிருந்து ஒரு பெருங்கடுவன். குழந்தையின் தந்தை அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வதற்குள் அவள் முன்கையில் இரண்டு நகக்கீறல்கள். இரத்தம் முத்துமுத்தாக அரும்பியது.

இதில் குற்றவாளி யார்? ஒருவருமில்லை என்பேன். நம் நாட்டுக் குரங்கினத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு நீங்குவதில்லை. ஆதலின் தனித்து நிற்பதாகத் தோன்றும் குட்டியைச் சுற்றிலும் அதன் தாய், பாட்டி, சிற்றன்னையர் அனைவரும் இருப்பர். மேலும், நாம் அன்பின் அடையாளமாகக் கருதுபவை அவற்றின் மொழியில் வேறு பொருளுடையவை. கண்ணுக்குக் கண் நேரே நோக்குதல் அங்கே மிரட்டல். பல்லைக் காட்டுவது அச்சத்தின் அல்லது சினத்தின் குறி. பெரியவர்களாகிய நாம் உயரத்தால் தப்புகிறோம். குழந்தையின் முகமோ குரங்கின் முகத்துக்கு நேரே இருக்கிறது.

நம் மலைக்குரங்கு சிற்றினமாக இருப்பது நமது நற்பேறு. அதன் கடுவன் ஒன்பது கிலோவுக்கு மேற்படுவது அரிது. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலில் குடியேறிய நம் மக்களின் வழியினர் வாழும் தென்னாப்பிரிக்காவில், பபூன் என்னும் நாய்முகக் குரங்கு இருக்கிறது. அதன் ஆண் முப்பது கிலோவுக்கு மேலும் எடையுள்ளது. கோரைப்பற்களைக் கண்டால் சிறுத்தையும் தயங்கும். அதன் குட்டியும் கரிய மயிரும் இளஞ்சிவப்பு முகமுமாகக் குழந்தைகளை மயக்கும். கேப் டவுன் பக்கத்தில் பபூனுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். நாமோ புண்ணியமென்று பழம் நீட்டுகிறோம். மனிதன் கையிலிருந்து உண்ணக் கற்ற குரங்கு மறுநாள் பையைப் பறிக்கும், கொடாவிடில் கடிக்கும்.

மலையில் குழாயடிக்குக் குழந்தையைக் கொண்டு சென்றோம். அவள் தாய் சோப்பு இட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் காயத்தைக் கழுவினாள். பாட்டியம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்ப வேண்டும் என்றார். ஊசி என்றதும், "ஆஞ்சநேயர் கீறினதற்கு ஊசியா? தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியைப் பச்சைக் குழந்தை தாங்குமா?" என்று கண்ணீர் விட்டார். மருமகள் குரலை உயர்த்தவில்லை. "அத்தை, ஆஞ்சநேயரை மாலையில் கோயிலில் கும்பிட்டுக்கொள்வோம். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள். அந்தப் பெண்ணின் நிதானம் என் நினைவில் நிற்கிறது.

பாட்டியம்மாளின் அச்சம் ஆதாரமற்றதன்று. அந்தப் பழைய வயிற்று ஊசி நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. இப்போது மேற்கையில் போடுகின்றனர். சிறு குழந்தையாயின் தொடையில். தசையில் போடுவதாயின் முதல் நாள், பின்னர் 3, 7, 14, 28-ஆம் நாட்கள். தோலினுள் போடும் முறையில் 14-ஆம் நாள் ஊசி இல்லை. இரத்தம் கசிந்த காயமாயின் காயத்தைச் சுற்றிலும் தனியே ஒரு மருந்து செலுத்துவர். வெறிநாய்க்கடி நோயைக் குரங்கும் தரக்கூடும்; நோய் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. மஞ்சளும் சுண்ணாம்பும் அதைத் தடுக்கமாட்டா. காயத்தில் அவற்றை அப்புவதும் தீது.

மலைநாட்டுப் பக்கம் சுற்றுலா செல்வோர்க்கு இன்னொன்று. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், உண்ணிகளால் பரவுவது. செத்துக் கிடக்கும் குரங்கின் அருகே குழந்தைகளை விடலாகாது.

விடுமுறைக்கு வந்த குழந்தைக்கு இங்கே கடியோ கீறலோ நேர்ந்தால், ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டதே என்று ஊசியை இடையில் நிறுத்திவிடுகிறார்கள் சிலர். அதற்குத் தேவையே இல்லை. எஞ்சிய ஊசிகளைச் சேலத்திலோ ஈரோட்டிலோ அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம். இங்கே தந்த சீட்டை ரயில் டிக்கெட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். மருந்தின் பெயரும் ஊசி போட்ட தேதிகளும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.