ஆயிரம் க்யூபிட் இருந்தால் போதுமா?

தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது. எட்டு ஆண்டுகளுக்கு 6003.65 கோடி ரூபாய். 2020 பட்ஜெட்டில் சொன்னது ஐந்து ஆண்டுகளுக்கு 8000 கோடி. தொகை சுருங்கியதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் கண் போய் நின்றது இலக்கில்: எட்டு ஆண்டுகளுக்குள் 50 முதல் 1000 க்யூபிட் வரை கொண்ட கணினிகள்.

எண்ணிக்கையை இலக்காக எழுதினாலே எனக்கு வயிற்றைப் பிசையும். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் மாதம் எத்தனை பக் மூடினோம் என்றுதான் எண்ணுவார்கள். ஒரே பக்கை மூன்றாக உடைத்து மூடியவருக்கு அவார்டு. மென்பொருள் அப்படியேதான் இருந்தது.

க்யூபிட் சமாச்சாரமும் இதுதான். மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்தாலும் அது கொஞ்ச நேரத்தில் தன் நிலையை மறந்துவிடும். அதனால் பல க்யூபிட்களைக் கூட்டணி சேர்த்து, பிழை திருத்தி, நம்பகமான ஒன்றாக நடத்த வேண்டும். தனித்தனி க்யூபிட்டின் பிழை ஒரு வரம்புக்கு மேலே இருந்தால், ஆள் சேர்க்கச் சேர்க்கக் குழப்பம்தான் கூடும். ஐபிஎம் 2023 டிசம்பரில் 1121 க்யூபிட் காண்டோரையும் 133 க்யூபிட் ஹெரானையும் சேர்த்தே அறிவித்தது. பிறகு அது வளர்த்தெடுத்தது ஹெரானைத்தான். அடுத்த ஆண்டு கூகுளின் வில்லோ, வெறும் 105 க்யூபிட்டில், கூட்டணி பெரிதாகப் பெரிதாகப் பிழை குறைவதைக் காட்டியது. நம் இலக்குத்தாளின்படி பார்த்தால் காண்டோருக்குத்தான் முதல் பரிசு!

அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்ப்பா வேறு மாதிரி கேட்கிறது: 2033க்குள், ஆகும் செலவைவிட அதிகப் பயன் தரும் இயந்திரம் உங்களால் முடியுமா? கம்பெனிகளின் திட்டங்களைக் கட்டம் கட்டமாகச் சலிக்கிறது. எனக்குப் பிடித்த கேள்வி.

பணத்தை எங்கே போடுவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ பூட்டை உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எகெராவும் 2019இல் கணக்கிட்டார்கள். 2025இல் கிட்னியே அதை 10 லட்சத்துக்கும் கீழே இறக்கினார். எட்டு மணி நேர வேலை ஒரு வாரத்தை ஒட்டி நீளும், அவ்வளவுதான். இருபது மடங்குக் குறைப்பு, அதுவும் காகிதத்தில்! இதற்குக் குளிர்சாதனம் வேண்டாம். உட்கார்ந்து யோசிக்க ஆளும், அந்த ஆளுக்குச் சம்பளமும் போதும்.

இந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்யும் நண்பனிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் சரிடா, எனக்கு ஸ்டைபண்ட் வந்து மூணு மாசமாச்சு" என்றான்.