முன்விரோதம்னு ஒரு வார்த்தை

"முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொலை. நான்கு பேர் சரண்." இந்த மாதிரி வரி இல்லாம நம்ம ஊர் தினசரி ஒரு வாரம் தாண்டினா அது அபூர்வம். எனக்கு ரொம்ப நாளா இந்த முன்விரோதம்ங்கற வார்த்தை மேல ஒரு கண்ணு உண்டு. வரப்புத் தகராறா, கோயில்ல யாருக்கு முதல் மரியாதைங்கற சண்டையா, பெண் விஷயமா, தேர்தலா... எதையும் சொல்லாது. ஆனா எல்லாம் சொல்லிட்ட மாதிரி ஒரு தோரணை மட்டும் இருக்கும்.

செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் குமாஸ்தாவா இருக்கிற நண்பர் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் வருவார். அவர்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். "சார், எங்க ஃபீல்டுல அது ரெண்டு பக்கமும் வெட்டற கத்தி. பகை இருந்துச்சு, அதனால வெட்டினான்னு அரசுத் தரப்பு சொல்லும். பகை இருந்துச்சு, அதனாலதான் என் கட்சிக்காரன் பேரைச் சேர்த்துட்டாங்கன்னு நாங்க சொல்லுவோம். ரெண்டுக்கும் ஒரே ஆதாரம்!"

அவர் போனப்புறம் நான் தேடிப் படிச்சது மேலவளவு வழக்கு. ஏற்கனவே பலருக்குத் தெரிந்ததுதான். ஆனா கொலையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அதன் மேல்முறையீட்டைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் இருக்கிறது மேலவளவு. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் ஆதிக்க சாதிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. மிரட்டல், வேட்புமனு வாபஸ், தேர்தல் ரத்து, வாக்குப்பெட்டித் தகராறு, குடிசைகளுக்குத் தீ என்று எல்லாம் நடந்து, கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். எரிந்த வீடுகளுக்கு நஷ்டஈடு கேட்டு மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு 1997 ஜூன் 30ஆம் தேதி அவரும் கூட இருந்தவர்களும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வழியில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர் செத்தார்கள். முருகேசனின் தலையைத் தனியே வெட்டி எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டார்கள்.

இதையும் முன்விரோதம்னே எழுதலாம். சட்டப்படி தப்பில்லை. ஆனா இந்த விரோதத்துக்கு வயசு ஒரு வருஷம்கூட இல்லை. பதவி ஒதுக்கீடுன்னு அரசாணை வந்த அன்னைக்குப் பிறந்தது அது. அதற்கும் முன்னாடி இருந்ததுக்குப் பெயர் விரோதமில்லை, வேற. ஒரு பக்கம் குனிஞ்சே இருந்தவரைக்கும் அங்க விரோதம்னு எதுவும் யாருக்கும் கண்ணில் படலை!

சரி, வழக்குக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 40 பேர். விசாரணை மதுரையிலிருந்து சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001 ஜூலையில் சேலம் செஷன்ஸ் கோர்ட் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 23 பேரை விடுவித்தது. அந்த 17 பேர்தான் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

இங்கே ஒரு விஷயம் எனக்குப் புதுசு. மேல்முறையீட்டில் சாட்சி யாரும் மறுபடி கூண்டில் ஏற வேண்டியதில்லை (ரொம்ப அபூர்வமா விதிவிலக்கு உண்டாம்). உயர்நீதிமன்ற நீதிபதிகள் அந்த சாட்சியின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. தட்டச்சு செய்து தைத்த காகிதக் கட்டுதான் அவர்கள் முன்னாடி இருக்கும். அதில் வரிக்கு வரி இழுத்துப் பார்ப்பார்கள். எங்க ஊர்ல தறியிலிருந்து இறக்கின புடவையை வியாபாரி கையில் வாங்கினதும் முதலில் உடலும் கரையும் சேர்கிற கோர்வையைத்தான் இழுத்துப் பார்ப்பார். மறுபடி நெய்ய முடியாது. பிரியுதா, நிக்குதான்னு பார்க்கலாம், அவ்வளவுதான். வக்கீல்கள் இழுக்கிற இடமும் அதுதான்: போலீசில் சொன்னதும் கோர்ட்டில் சொன்னதும் சேர்கிற இடம்.

கும்பல் கொலையில் இன்னொரு சிக்கல், இந்திய தண்டனைச் சட்டம் 149. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ ஒரே நோக்கத்தோடு சட்டவிரோதமாகக் கூடி, அந்த நோக்கத்துக்காக ஒருத்தன் கொலை செய்தாலும் கூட்டத்தில் இருந்த எல்லாரும் பொறுப்பு. யார் வெட்டு யார் உயிரை எடுத்ததுன்னு தனித்தனியா நிரூபிக்கத் தேவையில்லை. (2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் இதுவே 190 ஆகிவிட்டது.) நல்ல பிரிவுதான். ஆனா பகையுள்ள ஊரில் இது ஆபத்தானதும்கூட. வேடிக்கை பார்த்தவன், ஊரிலேயே இல்லாதவன், பிடிக்காத பங்காளி என்று எல்லார் பேரையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அப்போ எப்படிப் பிரிப்பது? இதுக்கு எல்லா வக்கீலும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு மசால்தி வழக்கு, 1964. உத்தரப் பிரதேசத்து கிராமக் கோஷ்டிச் சண்டை, கும்பல் கொலை, பத்து பேருக்குத் தூக்கு. "சாட்சி எல்லாம் செத்தவன் கோஷ்டி, நம்பாதீங்க" என்று வாதாடினார்கள். தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு அதை ஏற்கவில்லை. கோஷ்டியா பிரிஞ்ச ஊரில் பொதுவான சாட்சி எங்கிருந்து வருவான்? சார்புள்ளவன் என்பதற்காகவே தள்ளினால் நியாயமே தோத்துப்போகும், ஜாக்கிரதையா உரசிப் பார்த்து ஏற்கலாம் என்றார்கள். உயர்நீதிமன்றம் ஒரு கணக்கு வைத்திருந்தது: ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல, குறைந்தது நாலு சாட்சிகள் முரணில்லாமல் அவரை அடையாளம் காட்டணும். இயந்திரத்தனமாத் தெரிந்தாலும் இந்த வழக்குக்கு அது சரி என்று உச்சநீதிமன்றம் ஒத்துக்கொண்டது. கடைசியில் இளவயசுக்காரர்கள் மூணு பேரின் தூக்கை மட்டும் ஆயுளாகக் குறைத்தது.

அதுக்கு நேர் எதிரா நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணு, 1957இல் வடிவேலுத் தேவர் வழக்கு. தஞ்சை ஜில்லா முத்துப்பேட்டையில் டீக்கடைக்காரர் கொலை. சாட்சி ஒரே ஒருத்தர், செத்தவரின் மனைவி. ஒரே சாட்சி என்றாலும் முழுசா நம்பத்தக்கவர் என்றால் போதும், சாட்சியை எடை போடணுமே தவிர எண்ணக்கூடாது என்று சொல்லித் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது உச்சநீதிமன்றம். ஒரு இடத்தில் ஒண்ணே போதும், இன்னொரு இடத்தில் நாலு வேணும். முரண்னு முதலில் நினைச்சேன். "கூட்டம் பெருசானா பேர் நுழைக்கிற வாய்ப்பும் பெருசு சார், அதான்" என்றார் நண்பர். சரியாத்தான் பட்டது.

மேலவளவில் வெட்டுப்பட்டும் பிழைத்தவர்கள், கூட வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களும் செத்தவர்களின் பக்கம்தான். வேற யார் சொல்லுவா? அடுத்த நாளும் அதே ஊரில்தான் தண்ணி எடுக்கணும், அதே பஸ்ஸில் ஏறணும். நாலு வருஷம் கழிச்சு சேலத்தில் அவர்கள் கொடுத்த சாட்சி, 2006 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்திலும் 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றத்திலும் பிரியாமல் நின்றது. 17 பேரின் தண்டனையும் உறுதியானது. கொலை நடந்து பன்னிரண்டு வருஷம்.

நான் இதை இவ்வளவு இழுக்கக் காரணம் எங்க ஊர்தான். 2004 செப்டம்பர் 3ஆம் தேதி வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். அது நாடே பார்த்த வழக்கு. உச்சநீதிமன்றமே அதைப் புதுச்சேரிக்கு மாற்றியது. விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 189 பேர், அதில் 83 பேர் பிறழ்சாட்சி. 2013 நவம்பர் 27இல் அத்தனை பேரும் விடுதலை. நிரூபிக்கப்படாத குற்றத்தை யார் தலையிலும் கட்ட எனக்கு உரிமையில்லை, கட்டவும் இல்லை. புதுச்சேரி அரசு மேல்முறையீட்டுக்கும் போகவில்லை. கோயிலுக்குள் பட்டப்பகலில் ஒரு கொலை, சட்டத்தின் கணக்கில் கொலையாளி யாருமில்லை. இத்தனைக்கும் இது பேர்பெற்ற ஊர், தெருவுக்குத் தெரு ஆள் நடமாட்டம். அந்த 83ஐப் பார்த்தப்புறம்தான் மேலூர் பக்கத்துச் சாட்சிகளின் உறுதி எனக்கு உறைத்தது.

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணை உச்சநீதிமன்றம் ஏற்று நாடு முழுக்க அமல்படுத்தச் சொன்னதே 2018 டிசம்பரில்தான். மேலவளவுக்காரர்கள் அதுக்கெல்லாம் காத்திருக்கவில்லை.

ஆயுள் தண்டனையோடு கதை முடியலை. மேல்முறையீட்டில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு, தண்டனைக் குறைப்பு. அது கோர்ட் வேலை இல்லை, அரசு வேலை. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008இல் மூணு பேர் வெளியே வந்தார்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு முன்னாடியே என்பதைக் கவனியுங்கள். ஒருத்தர் இறந்துபோனார். மீதி 13 பேரை எம்.ஜி.ஆர் நூற்றாண்டுப் பெயரில் 2019 நவம்பரில் விடுவித்தார்கள். அதை எதிர்த்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனு போனது. தலைவர்கள் பிறந்தநாளுக்கு இனிப்பு கொடுக்கலாம், அன்னதானம் போடலாம். இது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

நண்பரிடம் கேட்டேன், வெளியே வருகிற நாளை சாட்சி சொன்னவங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லுவாங்களா என்று. கொஞ்ச நேரம் யோசிச்சார். "பேப்பர்ல வரும் சார்" என்றார்.