மேஸ்திரியின் திருப்புளி

பழைய என்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை எந்தத் தெருவில் அடித்தாலும் எனக்குக் கோயமுத்தூரின் ஒரு தகரக் கொட்டகைதான் முன்னால் வந்து நிற்கிறது, கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும், மில்லிலிருந்து மூட்டையாக வாங்கிப் போட்ட பஞ்சு வேஸ்ட்டின் பக்கத்தில் குந்தியபடி பட்டறைப் பையன் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருப்பான், மர பெஞ்சில் அப்பாரு செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மடித்து உட்கார்ந்திருப்பார், எதிரே அவருடைய கறுப்பு அம்பாசடர் மார்க் 2 பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும்.

மேஸ்திரி உடனே வண்டியில் கை வைக்கமாட்டார். “காலைல கெளப்புறப்பங்களா, சூடான பொறகுங்களா, மேடேறுறப்ப மட்டுமுங்களா?” என்று அப்பாருவிடம் கேட்டுக்கொள்வார், பிறகு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து வாய் கொப்பளிப்பார், மென்றுகொண்டே கேட்டால் தாடைச் சத்தம்தான் காதில் விழும் என்பார். அதற்குப் பிறகுதான் முழ நீளத் திருப்புளியை எடுத்து, நுனியை என்ஜின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார்.

குளிர்ந்திருக்கும்போது தட்டி, சூடேறியதும் அடங்கினால் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிறது, சூட்டில் ஆயில் இளகிய பின் அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று கிளம்பினால் பேரிங், மேலே வால்வு கவருக்குள் டிக் டிக் என்பது டேப்பட். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான், அதனால் டேப்பட் எப்போதும் பாதி வேகத்தில், நிதானமாகத்தான் தட்டும். அடியிலிருந்து வருவதென்றால் ப்ளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார், எதைக் கழற்றியதும் தட்டல் தணிகிறதோ அந்த சிலிண்டரின் ராடு பேரிங் போயிருக்கிறது. டேப்பட் என்றால் ஃபீலர் கேஜின் தகட்டை ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே நுழைத்து, இழுக்கும்போது மெல்லப் பிடிக்கிற அளவுக்குத் திருகை வைத்து நட்டை இறுக்குவார், அப்பாரு எழுந்து வந்து ஒரு தடவை கேட்டுவிட்டுத் தலையை மட்டும் அசைப்பார்.

அந்த வண்டியில் ரேடியோ கிடையாது, மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறில் பாக்குத் தோப்பின் ஈர வாசனை உள்ளே வரும்போது பேச்சும் நின்றுவிடும், அப்பாரு கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே குன்னூர் மலையேறுவார். மூன்றாவது கியரிலேயே இழுத்தால் என்ஜின் கிணுகிணுவென்று முனகும், சிலிண்டருக்குள் பெட்ரோல் முறை தவறி எரிகிற சத்தம் அது, கியரைக் குறைத்தும் நிற்கவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். பர்லியாறில் டீக்கடைக்கு முன் நிறுத்திப் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுவது எங்கள் வழக்கம், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்காமல் இருக்க, அதற்கென்றே ஒரு வாளித் தண்ணீரை அந்தக் கடைப் பெரியவர் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்.

பின்னாளில் அதே வண்டிக்கு டைமிங் செயின் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன், கூவத்து நாற்றமும் துருவும் கிரீஸும் கலந்த சந்துகளில் ஒரு கடைக்காரர், வயதானவர், எந்த பேரிங்கையும் விரலில் மாட்டிச் சுழற்றிக் காதருகே வைத்துப் பார்த்த பிறகே காகிதத்தில் சுற்றித் தருவார். அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலை 2014இல் நின்றபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

இப்போதைய என் காரில் என்ஜினை பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கிறது, குளிர்ந்த காலைகளில் அதிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு “எந்தக் கோளாறும் பதிவாகல சார்” என்றார்கள், யாரும் பானெட்டுக்கு மேல் குனியவில்லை. சென்சார் உள்ள இடத்தைப் பற்றித்தான் ஸ்கேனருக்குத் தெரியும், பெல்ட் ஓடும் புல்லிக்கு சென்சார் ஏது? வீட்டுக்கு வந்து, ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், சத்தம் மாறவில்லை, ஆக பெல்ட் இல்லை, சுழலாத நடு போல்ட்களில் ஒவ்வொன்றாகத் திருப்புளியை ஊன்றிக் கேட்டேன், டென்ஷனர் புல்லியில் மட்டும் மணலை அரைப்பதுபோல் ஓர் உறுத்தல். புதியதை வாங்கும்போது கடையிலேயே சுழற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன், கவுண்டரில் இருந்தவர் பில்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அன்றிலிருந்து வண்டி சூடேறும்வரை பாட்டுப் போடுவதில்லை. மேஸ்திரி ஒரு பிறவி மேதை என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை, புதிதாகச் சேர்ந்த பையனிடம் அவர் ஸ்பேனரைக் கொடுக்காமல், ரிப்பேர் முடிந்து போகும் வண்டிகளை மட்டும் மாதக்கணக்கில் கேட்கவைத்தார், நல்லதைக் கேட்டுப் பழகாதவனுக்குக் கெட்டது எப்படித் தெரியும் என்பார். அது கற்றுக்கொடுக்கக்கூடிய வித்தைதான். ஐ.டி.ஐ. முடித்து வருகிற பையன்களின் கையில் ஸ்கேனரோடு ஒரு நீளத் திருப்புளியையும் கொடுத்து, முதலில் நன்றாக ஓடும் என்ஜின்களைக் கேட்க விட்டாலே போதும்.