ஏட்டுச் சுரைக்காய்

காற்றடித்தால் காகிதம் பறக்கும் என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். காகிதம் இல்லாவிட்டால் ஆகாய விமானம் பறக்காது என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. எந்தத் திருகாணியைக் கழற்றினார்கள், எந்த உறுப்பை மாற்றினார்கள், யார் செய்தார், யார் சரிபார்த்தார் என்று எழுதிக் கையொப்பம் இட்ட பிறகே விமானம் தரையை விட்டுக் கிளம்பலாம். விமானி எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில்லை; ஏட்டைப் பார்க்கிறார். பிரயாணிகளோ ஏட்டையும் பார்ப்பதில்லை. விமானியை நம்பி உட்காருகிறார்கள். ஆக, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் ஒரு கையொப்பத்தை நம்பி ஆகாயத்தில் ஏறுகின்றன.

அந்த ஏடு பொய் சொன்னால்?

ஒரு வகை எஞ்சினில் சில உறுப்புகளை மாற்றவேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் உத்தரவிட்டது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானம் ஒன்றில் அந்த வேலை குறித்த காலத்தில் நடக்கவில்லை. ஆனால் நடந்துவிட்டதாகப் பதிவேடு சொல்லிற்று! நமது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 மார்ச்சில் இதற்காகக் கம்பெனியைக் கண்டித்தது. கணினியில் பதிவேடுகளை இடம் மாற்றியபோது தேதி தவறிவிட்டது என்றும், தெரிந்தவுடன் சரிசெய்துவிட்டோம் என்றும் கம்பெனி சமாதானம் கூறிற்று. தேதி தவறியதை மறதி என்றே வைத்துக்கொள்வோம். பதிவேடு திருத்தப்பட்டதையும் மறதி என்று சொல்ல முடியுமா?

எழுதாமல் விடுவதும் இதற்குக் குறைந்த ஆபத்தல்ல. 2024 ஜனவரி 5-ந் தேதி அமெரிக்காவில், அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சுமார் 16,000 அடி உயரத்தில் பறக்கும்போது, அதன் பக்கவாட்டிலிருந்து கதவு போன்ற ஓர் அடைப்பு பிய்த்துக்கொண்டு போயிற்று. போயிங் தொழிற்சாலையில் வேறு ஒரு பழுதுக்காக அதைத் திறந்தவர்கள், திறந்ததை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. எழுதாத வேலையை யார் சரிபார்ப்பார்? நான்கு திருகாணிகள் இல்லாமலே விமானம் வெளியே வந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லாமற்போனது பிரயாணிகளின் பாக்கியம்.

இந்தச் செய்திகளைப் படித்தபோது நம் மனம் ஆகாயத்தில் சஞ்சரிக்கவில்லை. விருதுநகர்ச் சீமையின் கரிசல் பூமிக்கே திரும்பிற்று. தேசத்துக்கெல்லாம் காலண்டரும் டைரியும் அச்சிட்டுக் கொடுப்பது சிவகாசி. அங்கே காகிதத்துக்குப் பஞ்சமில்லை. பட்டாசுத் தொழிற்சாலைக்கு லைசென்ஸ் உண்டு. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்ற கணக்கும் உண்டு. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறை தப்பவேண்டும் என்பதற்காகவே அந்தக் கணக்கு.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர், உதவி செய்ய ஓடி வந்த அக்கம்பக்கத்தார். விதிகளை மீறியதற்காக அதன் லைசென்ஸ் முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாகப் பிறகு செய்தி வெளியாயிற்று. காகிதத்தின்படி அன்று அங்கே வேலையே இல்லை! 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியானார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை வாங்கியவர்கள் வேறு பேர். இரண்டு இடங்களிலும் காகிதம் ஒன்று, காரியம் வேறொன்று. இடையிலே அகப்பட்டுக்கொண்டவர்கள், அந்தக் காகிதத்தைக் கண்ணாலும் பார்த்திராத கூலிக்காரர்கள்.

விருதுநகர் மண்டிகளில் பழைய கணக்குப்பிள்ளைகளை நாம் அறிவோம். மூட்டையை எண்ணாமல் சிட்டையில் எழுதமாட்டார்கள். சிட்டையில் இல்லாதது பேரேட்டில் ஏறாது. முதலாளி அவசரப்படுத்தினாலும் எழுதுகோல் அசையாது. நாலு மூட்டை மிளகாய் வற்றலுக்கே இவ்வளவு ஜாக்கிரதை என்றால், மனித உயிருக்கு எவ்வளவு வேண்டும்?

சட்டங்களுக்கு நம் தேசத்தில் குறைவில்லை. குறைவாயிருப்பது, "வேலை முடியவில்லை, கையொப்பம் இடமாட்டேன்" என்று சொல்லக்கூடிய மனிதர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்றால் பிரயாணிகள் சிப்பந்திகள்மீது பாய்கிறார்கள். தீபாவளி நெருங்கினால் சரக்கு எங்கே என்று வியாபாரிகள் நெருக்குகிறார்கள். தாமதத்துக்கு நாம் கோபித்துக்கொள்ளும்போதெல்லாம், யாரோ ஒருவர் முடியாத வேலையை முடிந்ததாக எழுதிவிடும்படி அவர் கையைப் பிடித்துத் தள்ளுகிறோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் பெரியோர். கறிக்கு உதவாவிட்டால் ஒருவேளை பட்டினியோடு போகும். எஞ்சினிலும் வெடிமருந்திலும் அது உயிரையே கேட்கும்.