இது என் மடிப்பு இல்லை

முதல் வாரம் பிள்ளைகளை வாளிப் பக்கமே நான் விடுவதில்லை. விடுதிக் கூடத்தில் பாயை விரித்து, நடுவில் உலர்ந்த துணிகளைக் குவித்துவிடுவேன். பருத்திச் சட்டை, பாலியெஸ்டர் பேன்ட், நைந்த நூல் சேலை, பட்டுப் பாவாடை, ஜீன்ஸ், கம்பளிக் குல்லா. “கசக்கிப் பாருங்க, காதுகிட்ட வச்சு உரசிப் பாருங்க, மோந்து பாருங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பருத்தியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் விழுந்த சுருக்கம் அப்படியே நிற்கும். பாலியெஸ்டர் தானாக விரிந்துகொள்ளும். பட்டை இரு விரலிடையே அழுத்தித் தேய்த்தால் சரசரக்கும். நாலைந்து நாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொல்லிவிடுவாள், “டீச்சர், இந்தச் சட்டையில ரெண்டும் கலந்திருக்கு.”

பிறகு உள்புறம், வெளிப்புறம். உள்பக்கத் தையலின் ஓவர்லாக் நூல் வயல் வரப்பு மாதிரி விரலில் தட்டும். அந்த வரப்பு கையில் பட்டால் துணி புரண்டிருக்கிறது என்று பொருள். பையைத் துழாவுவது, ஜிப்பை மூடுவது, அறுந்துபோகிற பொத்தானைக் கண்டுபிடிப்பது எல்லாம் அந்தப் பாயிலேயே முடிந்துவிடும்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இவ்வளவு பெரிய பிள்ளைக்குத் துணி துவைக்கப் பாடம் எதற்கு என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். கண் தெரிகிற பிள்ளை, அம்மா துவைப்பதைக் கல் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தே பாதியைக் கற்றுவிடுகிறது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பார்வையற்ற பிள்ளைக்கு அந்தப் பாதி கிடைப்பதே இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஃபில் ஹேட்லன் 1996-ல், பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பொதுப் பாடங்களோடு கூடுதலாகக் கற்பிக்க வேண்டியவற்றைத் தொகுத்தபோது, அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் அதில் ஒரு தனிப் பிரிவாகவே வைத்தார். எங்கள் கால அட்டவணையில் அதற்கென்று ஒரு பீரியட் இன்றுவரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையை நானாக எடுத்துக்கொண்டேன்.

துவைப்பதில் நான் சொல்லித் தருவது ஒரே ஒரு விஷயம்தான்: வரிசை. கண் உள்ளவர்கள் அழுக்கு தெரிகிற இடத்தைத் தேய்க்கிறோம். என் பிள்ளைகள் அழுக்கு சேருகிற இடத்தைத் தேய்க்கிறார்கள். முதலில் கழுத்துப்பட்டை, அப்புறம் வலது அக்குள், வலது கைமுனை, இடது அக்குள், இடது கைமுனை, பொத்தான் பட்டி, பட்டிக்கு இருபுறமும் சோறும் குழம்பும் சிந்துகிற வயிற்றுப் பகுதி, கடைசியாகக் கீழ்மடிப்பு. கழுத்துப்பட்டைக்கு பிரஷ்ஷால் இருபது தேய்ப்பு, மற்றவற்றுக்குப் பத்து. அழுக்கு இருக்கிறதோ இல்லையோ எண்ணிக்கை குறையக் கூடாது. கண்ணை நம்பித் துவைக்கிற என் துணியில் கழுத்துப்பட்டையின் உள்மடிப்பில் அழுக்கு தங்கியதுண்டு. அவர்கள் துணியில் அந்த இடம் தப்புவதில்லை.

கையைப் பிடித்துத் தேய்க்க வைக்கிற பழக்கத்தை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. என் கை மேலே இருந்தால் பிள்ளையின் கை செத்துவிடும், இழுத்த இழுப்புக்கு வரும். இப்போது என் கை கீழே, அவர்கள் கை மேலே. நான் தேய்ப்பதை அவர்கள் மேலிருந்து தொட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். வேண்டாமென்றால் கையை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் கிடைத்த பிறகு பயம் போய்விடுகிறது.

வாளி நிறைவதைக் காதே சொல்லும். தண்ணீர் ஏற ஏற ஓசை மெலிந்து கூர்மையாகும். சோப்புத் தூளுக்கு ஒரே கரண்டி, அது தூள் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். அலசியது போதுமா என்று அறிய இடுப்புப்பட்டியைப் பிடித்து நசுக்க வேண்டும். சோப்பு கடைசியாகப் போவது தடித்த இடத்திலிருந்துதான். அங்கே வழுக்கல் நின்றுவிட்டால் துணி முழுவதும் சுத்தம். பிழியும்போது ஜீன்ஸைக் குழாயில் சுற்றி முறுக்கச் சொல்வேன். கொடியில் இரண்டு முழத்துக்கு ஒரு முடிச்சு உண்டு. வாசல் பக்கமிருந்து எத்தனையாவது முடிச்சு தன்னுடையது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நிறம்தான் கடினம். பிரெயில் புள்ளி துணியில் நிற்காது, ஒரு சலவையில் அமுங்கிப்போகும். அதனால் கழுத்துக்கு உள்ளே நூல் முடிச்சு போடுகிறோம். வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு, சிவப்பு வகைக்கு மூன்று. பெரிய பிள்ளைகள் அதைத் தாங்களே தைக்கிறார்கள். மூன்று முடிச்சுத் துணி எதுவும் ஒரு முடிச்சுத் துணியோடு ஒரே வாளிக்குள் போகாது. புதுத் துணி எந்த நிறமானாலும் முதல் மூன்று சலவை தனியாகத்தான்.

கறைகளைப் பற்றி நிறையப் பேசுவோம். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். பார்க்கிறவர்கள் பதறிப்போய் “என்னடா இது ரத்தமா” என்று கேட்பார்கள். பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே சொல்லி வைப்பேன்: சோப்பின் காரத்தால் வருகிற சிவப்பு அது, நன்றாக அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் கறை நூலில் உறைந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு இதைப் பத்து வயதிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தாயே சத்தமில்லாமல் துவைத்துப் போட்டிருப்பாள்.

இஸ்திரிப் பெட்டி என்றாலே பெற்றோர் நடுங்குகிறார்கள். பெட்டியை மின்சாரமே இல்லாமல் இரண்டு வாரம் பழக்குகிறேன். மேசையின் வலது மூலையில் நிமிர்த்தி வைத்த பெட்டியை நேராகத் தேடக் கூடாது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பின்பக்கம் வரும், அங்கிருந்து மேலே கைப்பிடி. திருகியில் அச்சிட்ட ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்பவை முறையே 110, 150, 200 டிகிரி. அச்சிட்ட புள்ளி விரலுக்குத் தெரியாது. அதன்மேல் எம்சீலைச் சிறு உருண்டையாக ஒட்டிவிடுவோம். வாஷிங் மெஷினுக்கும் இதே வைத்தியம்தான், திருகி இருக்கிற மெஷினாக இருந்தால். வழவழவென்று தொடுதிரை வைத்த மெஷினை வாங்கிவிட்டு “பிள்ளைக்குப் பயன்படுத்தத் தெரியல” என்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு விருந்தினர் வருகிறார்கள். பையன்கள் துவைத்த வெள்ளைச் சட்டைகளில் அங்கங்கே கறை நின்றிருந்தது. அவர்கள் தூங்கிய பிறகு ஏழெட்டுச் சட்டைகளை எடுத்துத் துவைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, மடித்துத் திரும்ப அவரவர் பெட்டியில் வைத்தேன். காலையில் எட்டாம் வகுப்புப் பையன் சட்டையைக் கையிலெடுத்தான். முகர்ந்தான். “டீச்சர், இது என் மடிப்பு இல்ல. சோப்பும் என்னுது இல்ல” என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “கறை இருந்துச்சா? எங்க இருந்துச்சு?” என்று கேட்டான்.

இடத்தைக் காட்டினேன். பொத்தான் பட்டிக்கு இடப்பக்கம். அவன் வரிசையில் அந்த இடம் விட்டுப்போயிருந்தது. அடுத்த ஞாயிறு அந்த இடத்தைச் சேர்த்துக்கொண்டான். இன்று நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லும் வரிசையில் வயிற்றுப் பகுதி இருபுறமும் வருவது அவனால்தான். அன்றிலிருந்து ஒரு பிள்ளையின் துணியையும் நான் மறைவாகத் தொட்டதில்லை. கறை இருந்தால் இருக்கிறது என்கிறேன், எங்கே என்று சொல்கிறேன், திரும்பத் துவைப்பதா வேண்டாமா என்பதை அவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

போன வருடம், என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்து போன் செய்தான். காலையில் சாப்பிட்ட சாம்பார் சட்டையில் பட்டிருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வாசலில் வழிகாட்டியவர், கூடக் காத்திருந்தவர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை. அறைக்குத் திரும்பிய பிறகு நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. “அங்கேயே சொல்லியிருந்தா பாத்ரூம்ல கழுவியிருப்பேன் டீச்சர். எனக்குக் கழுவத் தெரியும்ல?” என்றான்.

மனம் புண்படும் என்று நினைத்துப் பேசாமல் போய்விடாதீர்கள். பக்கத்தில் போங்கள். பேர் தெரிந்தால் பேரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் யாரென்று சொல்லுங்கள். மற்றவர் காதில் விழாத குரலில், இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “தம்பி, இடது பக்கம், மூணாவது பட்டனுக்குக் கீழே சாம்பார் பட்டிருக்கு. தண்ணிக் குழாய் இந்தப் பக்கம் இருக்கு.”