முறைப்பெயரும் முதலெழுத்தும்

சொல்லைச் சுருக்குதல் எம்மொழிக்கும் இயல்பே. ஏட்டில் எழுதிய காலந்தொட்டுக் கைத்தொலைபேசியிற் செய்தி அனுப்பும் இக்காலம்வரை, எழுதுவோர் இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்த முயன்றே வந்துள்ளனர். ஆயின், சுருக்கப்படுவது உறவினரைச் சுட்டும் சொல்லாயின், சிக்கனத்துக்கு அப்பாலும் சில வினாக்கள் எழுகின்றன.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளிற் குடும்ப விடயங்களைத் தம்முள் எழுதிக்கொள்ளும் பெண்கள் பலர் கணவரை ‘டி. எச்.’ என்றும், மகளை ‘டி. டி.’ என்றும், மாமியை ‘எம். ஐ. எல்.’ என்றும் குறிப்பர். முதலில் நிற்கும் ‘டி’ ‘அன்பார்ந்த’ என்னும் பொருளது. கணவர்மீது குறைகூறி எழுதும் வரியிலும் அவ்வன்பு நீங்குவதில்லை என்பது சுவையானது. வீட்டு விடயத்தை வெளியிற் பேசவும் வேண்டும். பெயர் வெளிப்படவும் கூடாது. இவ்விரு தேவைகளையும் அவ்வெழுத்துக்கள் நிறைவேற்றுகின்றன.

தமிழில் இம்முறை எளிதிற் பொருந்துவதன்று. அப்பா, அம்மா, அண்ணா, அக்கா, அத்தான், அம்மம்மா ஆகிய யாவும் அகரத்தில் தொடங்குவன. மாமா, மாமி, மச்சான், மச்சாள், மகன், மகள் முதலியன மகரத்தில் தொடங்குவன. முதலெழுத்தை மட்டும் எழுதின், குடும்பத்திற் பெரும்பாலார் இரண்டு எழுத்துக்களுள் அடங்கிவிடுவர். எவர் எவரென்பதோ புலப்படாது.

இதனால் தமிழர் முறைப்பெயர்களைச் சுருக்கவில்லை என்று கொள்ளுதல் தவறாகும். எந்தை, நுந்தை, தந்தை என்னும் சொற்களும், யாய், ஞாய், தாய் என்னும் சொற்களும் ‘என்னுடைய’, ‘உன்னுடைய’, ‘அவனுடைய’ என்னும் உரிமையைத் தம்முள் அடக்கியவை. தொல்காப்பியம் நுந்தை என்னும் முறைப்பெயரின் முதலில் வரும் உகரத்தைக் குற்றியலுகரம் எனத் தனியே எடுத்துக் கூறுகின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் வரும் கொப்பர், கொம்மா, கொண்ணர், கொக்கா என்னும் சொற்களும் இவ்வாறானவையே. அவற்றில் முன்னிலையாரின் உரிமை ஓரெழுத்தாய்க் குறுகி, உறவுச் சொல்லோடு ஒட்டி நிற்கின்றது. ஆங்கிலச் சுருக்கத்தில் எஞ்சுவன எழுத்துக்களே. தமிழ்ச் சுருக்கத்திலோ இருவரும் எஞ்சுகின்றனர்: உறவினரும் அவருக்கு உரியவரும்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண ஆராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. வன்னியைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்திக்கு, ஒருநாள் மாலை, அவளுடைய தம்பியிடமிருந்து கைத்தொலைபேசியிற் செய்தியொன்று வந்தது. ‘அ. வந்தாச்சு’ என்பதே அதன் முழுவாசகம். கட்டாரிலே தொழில் பார்த்த தமையன் விடுமுறையில் வீடு வந்து சேர்ந்தமையையே அவன் அறிவித்தான். ‘வந்தாச்சு’ என்னும் வினைமுற்றோ ஆண், பெண் என்றும் பாராது; பெரியவர், சிறியவர் என்றும் பாராது. 2009ஆம் ஆண்டு அவள் சிறுமியாயிருந்தபோது காணாமற்போன தந்தையை நினைவுறுத்த அந்த ஓரெழுத்தே போதுமாயிற்று. தமையனின் வருகை அவள் முன்னரே அறிந்ததுதான். எனினும் அதனை நினைத்துக்கொள்ள அவளுக்குச் சில கணங்கள் தேவைப்பட்டன. விடுதி வாயிற்படியில் அவள் நெடுநேரம் அமர்ந்திருந்தாள். தமையன் வந்த மகிழ்ச்சியிலே தன்னால் உடனே பங்குகொள்ள முடியவில்லையே என்பதும் அவளை வருத்திற்று.

அவளுடைய பெயரின் முன்னும் ஓரெழுத்து நிற்கின்றது. அது தந்தையின் பெயர். விண்ணப்பப் படிவங்களில் ‘முதலெழுத்துக்களாற் குறிக்கப்படும் பெயர்கள்’ என்றோர் இடம் விடப்பட்டிருக்கும். ஏனையோர் விரைந்து நிரப்பிச் செல்லும் அவ்விடத்தில் அவள் தந்தையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதுவாள். அவள் அப்பெயரை முழுமையாக எழுதும் வாய்ப்பு வேறெங்கும் அதிகம் இல்லை.

சுருக்கம் குற்றமன்று. எழுதுபவனும் படிப்பவளும் ஒரே பொருளை மனத்திற் கொண்டிருக்கும்வரை, ஓரெழுத்தே போதும். வீட்டில் ஒருவர் இல்லாதபோது அந்த ஓரெழுத்துக்கு இரண்டு பொருள்கள் உண்டாகிவிடுகின்றன. அன்றிரவு அவள் தம்பிக்கு நடந்ததைக் கூறவில்லை. ‘இனி முழுதாய் எழுது’ என்று மட்டுமே பதில் அனுப்பினாள். அவன் காரணம் கேட்கவில்லை. அன்றுதொட்டு ‘அண்ணா’ என்றே எழுதி வருகிறான்.