இரண்டு வரிச் சமையல்

‘அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது’ என்று புதுமணப் பெண் ஒருத்தியைக் குறித்து அண்டை அயலார் பேசுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வெந்நீர் வைப்பதை எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை என்பது அந்த ஏளனத்தின் உட்பொருள். ஆகவே, எளிய செயலொன்றை விளக்கிச் சொல்பவர் நகைப்புக்கு ஆளாகிறார். விளக்கும்படி கேட்பவரோ அதனினும் மிகுந்த நகைப்புக்கு ஆளாகிறார். இந்த நகைப்பைக் குறித்தே வாசக அன்பர்களுடன் சிறிது உரையாட விழைகிறோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியத்தில் மகளிர் குழுவினர் சிலர் கூடி, பழங்கால உணவுகளைச் சமைத்துப் பார்வைக்கு வைத்திருந்தனர். நாமும் சென்றிருந்தோம். சாமைச் சோறு, தினை மாவு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் என வரிசையாகப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் செய்முறை எழுதிய அட்டை ஒன்று. அட்டையின் கீழ்ப்பாதி, வருவோர் கருத்தெழுதுவதற்காக வெறுமையாக விடப்பட்டிருந்தது. நூலில் கட்டிய பேனாவும் தொங்கியது.

ஓர் அம்மையார் மண்சட்டி நிறையப் பழைய சோறு வைத்திருந்தார். அவரது அட்டையில் இருந்தவை இரண்டே வரிகள்: ‘மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றவும். காலையில் உண்ணவும்.’

மற்ற அட்டைகளில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்பதற்கு மேல் எவரும் எழுதவில்லை. இந்த அட்டையிலோ இடம் போதவில்லை. ‘செய்முறை தெளிவு, ஆயினும் முதல் வரி சற்றுக் கடினம்’ என்று தொடங்கி வைத்தார் ஒருவர். ‘தண்ணீர் கைவசம் இல்லாவிடில் அதற்குப் பதிலாக எதை ஊற்றலாம்?’ என்றார் அடுத்தவர். ‘எம் வீட்டில் சோறு மீந்ததே இல்லை, மீத்துவது எப்படி என்பதையும் எழுதியிருக்கலாம்’ என்றது, ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாயின் கையெழுத்தாக இருக்க வேண்டும். ‘இரவு முழுதும் கண்விழித்துக் காத்திருக்க வேண்டுமா, அல்லது இடையில் உறங்கலாமா?’ என்று ஐயம் எழுப்பினார் இன்னொருவர். ‘நான் செய்ததில் உப்பு மிகுதி என்கிறார் என் மாமியார். நான் உப்பே போடவில்லை’ என்ற வரியைப் படித்து அங்கிருந்த பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தனர். அட்டைக்குரிய அம்மையாரும் உடன் சிரித்தார்.

இவற்றிற்கெல்லாம் கீழே, அட்டையின் ஓரத்தில், நடுங்கும் எழுத்துகளில் இன்னொரு வரி இருந்தது: ‘தண்ணீர் எவ்வளவு? சோறு ஆறிய பிறகா, சூட்டோடா?’

அதனையும் நகைச்சுவை என்றே எண்ணி உரக்கப் படித்தார் ஓர் இளம்பெண். அருகில் நின்ற முதியவர் ஒருவர், “அது நான் எழுதினதும்மா” என்றார். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறதாம். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறாராம். “நாப்பது வருஷம் விடிஞ்சா சட்டி முன்னால இருக்கும். அவ எப்ப ஊத்தினா, எவ்வளவு ஊத்தினான்னு நான் பார்த்ததே இல்ல. நான் ஊத்தினா நாறிப்போவுது” என்றார்.

சிரிப்பு அடங்கிற்று. அந்த அம்மையார் முதியவரை அமரச் செய்து, இரண்டு வரியில் விட்டுப்போனவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

புழுங்கலரிசியை வடித்த சோறே ஏற்றது. குக்கரில் குழைந்த சோறு கூழாகிவிடும். சோறு நன்கு ஆறிய பின்னரே நீர் ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பு நெடுநேரம் நீடித்தால் கெடுதல் செய்யும் கிருமிகள் பெருகும். நீர், சோற்றின்மேல் இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். நீருக்கு வெளியே நிற்கும் பருக்கையே முதலில் கெடும். நீரில் மூழ்கிய சோற்றிலோ லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அந்த இளம்புளிப்பு, தீய கிருமிகள் பலவற்றை வளரவிடாது. மண்சட்டியின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால் சட்டி குளிர்ந்திருக்கும். கோடையில் புளிப்பு விரைவில் ஏறுமாதலால் விடிந்ததும் உண்டுவிட வேண்டும். முகர்ந்து பார்த்து, புளிப்பு மணமின்றி வேறு நாற்றமிருந்தால் கொட்டிவிட வேண்டும்.

எளிமையென நாம் எண்ணியதற்குள் இத்தனை அறிவு அடங்கியிருக்கிறது. தெரிந்தவருக்கு அது இரண்டு வரி. தெரியாதவருக்கு அது பூட்டிய கதவு.

மேல்நாட்டிலும் இத்தகைய நகைப்பு எழுந்ததுண்டு. 1998இல் இங்கிலாந்தின் பிபிசி தொலைக்காட்சியில் டெலியா ஸ்மித் என்னும் சமையற்கலை ஆசிரியை, முட்டையை வேகவைப்பது எப்படி என்பதிலிருந்து தமது தொடரைத் தொடங்கினார். நேயர்களின் அறிவை இழிவுபடுத்தும் செயல் இது என்று புகழ்பெற்ற சமையற்கலைஞர் கேரி ரோட்ஸ் சாடினார். பத்திரிகைகளும் பரிகசித்தன. ஆனால் அந்நாட்டில் முட்டை விற்பனை உயர்ந்தது. டெலியாவின் நூல் பல இலட்சம் படிகள் விற்றது. கேட்க வெட்கப்பட்டு வாய்மூடியிருந்தோர் எத்துணைப் பேர் என்பதை அவ்விற்பனை வெளிப்படுத்தியது.

நம் மொழியில் 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். வீட்டில் பார்த்துப் பழக வேண்டியதை அச்சில் எழுதுவதா என்று எண்ணியிருந்தால் அந்நூல் பிறந்திராது. தாய்வீட்டை விட்டுத் தொலைவிற்குச் சென்ற மகளிர் பலருக்கு அந்நூலே தாயின் இடத்தில் நின்று அளவு சொல்லித் தந்தது.

பழைய சோற்றுக்கே வருவோம். 2021இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ‘மாஸ்டர்செஃப்’ தொலைக்காட்சிப் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்காளதேச வழிவந்த கிஷ்வர் சௌத்ரி என்னும் பெண்மணி, அவர்கள் நாட்டுப் பழைய சோறாகிய ‘பாந்தா பாத்’தை உருளைக்கிழங்கு மசியலுடனும் மத்தி மீனுடனும் படைத்தார். உழவர் வீட்டு உணவுக்கு இத்தனை மேடையா என்று நகைத்தோர் உண்டு, கண்கலங்கியோரும் உண்டு. நடுவர்கள் பாராட்டினர்; அவர் மூன்றாம் இடம் பெற்றார். அதே ஆண்டில், குடல் அழற்சி நோயாளருக்குப் பழைய சோறு எவ்வாறு உதவும் என்ற ஆய்வு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேசப்பட்டது. களை பறிக்கவும் கரும்பு வெட்டவும் தூக்குப் பாத்திரத்தில் நம் மக்கள் எடுத்துச் சென்ற உணவு, ஆய்வுக்கூடத்தையும் எட்டியிருக்கிறது.

நகைப்பு தீதென்று நாம் சொல்லவில்லை. அந்த அட்டையை நிறைத்த வேடிக்கை வரிகளை எண்ணினால் இன்றும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் பத்துப் பேரின் வேடிக்கைக்கு நடுவே ஒருவரின் உண்மைக் கேள்வி மறைந்திருக்கக்கூடும். அதனைக் கண்டு விடையளிப்பதே அன்பு.

நம் இல்லங்களில் எளிய சமையல்களை எவரும் எழுதி வைப்பதில்லை. பிரியாணிக்குக் குறிப்பேடு உண்டு, கஞ்சிக்கு இல்லை. நோயுற்ற நாளில் தேவைப்படுவதோ கஞ்சி. ஆதலால் அன்னையரே, விடுதிக்கோ வெளியூர் வேலைக்கோ செல்லும் மகனுக்குத் துணிமணிகளை அடுக்கும்போதே சோறு வடிக்கவும், கஞ்சி காய்ச்சவும், இரசம் வைக்கவும் கற்றுக் கொடுத்தனுப்புங்கள். ‘இதைப் போய்ச் சொல்லித் தரவா?’ என்று தயங்க வேண்டாம். தந்தையரே, நாளை இரவு மனைவி சோற்றில் நீர் ஊற்றும்போது அடுக்களைக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள். எவ்வளவு என்று கேளுங்கள். அவர் சிரிப்பார், சிரித்துவிட்டுச் சொல்வார். கேட்டறியும் காலம் இதுவே.